பத்துக்குப் பன்னிரண்டு அறை

காலை ஒன்பது மணிக்குக் கயிற்றில் உலரப் போட்ட துண்டு, பகல் பன்னிரண்டுக்கு எடுத்தபோது போட்டதைவிட அதிகமாக நனைந்திருந்தது.

வெற்றிச்செல்வி அதைக் கையில் பிடித்தபடி கட்டிலருகே நின்றாள். கத்திரி வெயில் பிறந்து ஆறு நாள் ஆகியிருந்தது. மாடிச் சுவரில் விரித்த போர்வை பத்து நிமிடத்தில் விறைத்துப் பலகையாகிவிடுகிற வெயில். செருப்பில்லாமல் வாசலில் நாலடி வைக்க முடியாத வெயில். ஆனால் இந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள், கதவைச் சாத்தி ஏசி ஓடும் இந்த ஓர் அறைக்குள் மட்டும், எதுவும் காயவில்லை. துண்டை முறுக்கினாள். மணிக்கட்டில் இறங்கி முழங்கை வரை நீர் வழிந்தது. அவளைத் திடுக்கிட வைத்தது அந்த நீரின் அளவு அல்ல, சூடு. ஏசி அறையில் மூன்று மணி நேரம் தொங்கிய ஈரத்துணி சில்லென்று இருக்க வேண்டும். இது இளஞ்சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் முகத்தைத் துடைத்துவிட்டுப் போட்டதுபோல.

"என்னங்க, இந்தத் துண்ட யாராச்சும் எடுத்தாங்களா?"

கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருவனால் கையைத் தூக்க முடியாது.

அறிவரசன் கூரையைப் பார்த்தபடியே படுத்திருந்தான். "கொஞ்சம் நவுத்திப் படுக்க வையி செல்வி," என்றான். "எடஞ்சலா இருக்கு."

அவன் பெயிண்டிங் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்தவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெள்ளையடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்தான். கழுத்தெலும்பு. பேச்சு தப்பியது, பார்வை தப்பியது, தோளுக்குக் கீழே எதுவும் தப்பவில்லை. நாற்பது நாள் திருச்சியில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவளைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "இவருக்குக் கழுத்துக்குக் கீழ வேர்க்காதும்மா. வேர்த்தாத்தான் ஒடம்பு குளுரும். வெளிய எவ்ளோ சூடோ, அவ்ளோவும் இவரு ஒடம்புல ஏறும். கோடையில ரூம குளுச்சியா வச்சுக்குங்க. இல்லேன்னா காய்ச்சல்லயே போயிடுவாரு."

போன வருடக் கோடையில் அதை அவள் கண்ணால் பார்த்தாள். நூற்று நாலு டிகிரி. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி அக்குளிலும் தொடையிலும் வைத்து, ராஜதுரை கடையில் இருந்த ஐஸ் எல்லாம் தீர்ந்து, பக்கத்து ஊருக்கு ஆள் அனுப்பி, எப்படியோ பிழைக்க வைத்தாள். அதனால்தான் இந்த மார்ச்சில் அவள் அண்ணன் மகேஷ் ஒரு ஏசி கொண்டுவந்து மாட்டினான். இரண்டு டன். "சின்ன ரூமுக்குப் பெரிய மிஷினா போட்டா ஐஸ்பொட்டியாட்டம் ஆயிடும் பாரு புள்ள," என்றான்.

ஆனது. போட்ட ஐந்தாவது நிமிடம் பற்கள் கிட்டித்தன. உடனே மிஷின் நின்றுவிடும். பிறகு ஒரு அசையாத, தோலில் ஒட்டுகிற குளிர். அவன் கஞ்சிக்கென்று அங்கே வைத்த ஜாடியில் உப்பு கரைந்தது. தீக்குச்சி பற்றவில்லை. மேற்குச் சுவரில் கரும்புள்ளிகள் கிளம்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, ஆள் உயரத்துக்கு ஏறின. ஆறிப்போயிருந்த அவன் முதுகுப் புண் மறுபடி வாய் திறந்தது. அப்புறம் அந்த வாடை. பூஞ்சை வாடை என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அது அல்ல. அடைமழை நாளில் ஜன்னல்களை இறக்கிவிட்டு, நின்றுகொண்டு வருகிற கூட்டத்தோடு போகும் டவுன் பஸ்ஸுக்குள் வருமே, தலையெண்ணெயும் வியர்வையும் வாய்க்காற்றும் ஈரத்துணியும் கலந்த வாடை, அது.

*

முகமது அனஸ் மறுநாள் காலையில் வந்தான். லெப்பைக்குடிக்காட்டுக்காரன், பதினோரு வருடம் சவூதியில், தம்மாமில் ஏசி வேலை பார்த்துவிட்டு, இப்போது பெரம்பலூரில் சின்னதாகக் கடை வைத்திருந்தான். வந்ததும் மிஷினைத் தொடவில்லை. டேப்பால் அறையை அளந்தான். மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். மேலே மொட்டைமாடியா, இன்னொரு மாடியா என்று கேட்டான். பையிலிருந்து காற்றின் ஈரத்தை அளக்கும் தீப்பெட்டி அளவு மீட்டர் ஒன்றை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, ஏசியைப் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். நாலு நிமிடத்தில் மிஷின் நின்றது. மீட்டர் எண்பத்தெட்டு காட்டியது.

"தப்பு மிஷின் மேல இல்லக்கா, சைசு மேல," என்றான். "ஏசி ரெண்டு வேல பாக்கணும். காத்தக் குளுர வைக்கணும், காத்துல இருக்கிற தண்ணியப் புழிஞ்சு வெளிய ஊத்தணும். குளுர வைக்கிறது சட்டுனு ஆயிடும். புழியிறதுக்கு நேரம் வேணும். இது யானை. நாலு நிமிசத்துல ரூம குளுர வச்சுட்டுப் படுத்துடுது. தண்ணி அப்புடியே உள்ள நிக்குது. ஒரு டன்னு போதும். சின்ன மிஷின்தான் ரொம்ப நேரம் ஓடும்."

நோட்டில் எழுத ஆரம்பித்தான். நீளம், அகலம், வெயில் படும் சுவர், ஜன்னல் எத்தனை.

"இந்த ரூம்ல எத்தன பேரு இருப்பீங்க?"

"அவரு ஒருத்தருதான். நான் வந்து போயி இருப்பேன்."

"ஆளுக்கு ஒரு கணக்கு இருக்குக்கா. ஒவ்வொரு ஆளும் சும்மா படுத்துக் கெடந்தாலே ஒரு பல்பு எரியிற சூடு. மூச்சுல வேற தண்ணி." எழுதிக்கொண்டே சிரித்தான். "அப்ப ரெண்டுன்னு போட்டுக்குறேன்."

கட்டிலிலிருந்து அறிவரசன் ஏதோ சொன்னான். அனஸ் நிமிர்ந்தான். "என்னண்ணே?"

அறிவரசன் அவனையே பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

இரண்டே நாளில் பெரிய மிஷின் போய்ச் சின்னது வந்தது. ஜன்னல் சட்டத்தின் இடுக்குகளைப் பசையால் அடைத்தான். கதவைச் சுற்றி நுரைப்பட்டை ஒட்டினான். கதவடிச் சந்தில் ரப்பர். சுவரைத் துடைத்து மருந்து அடித்தான். இதுவரை சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு அரியலூர் ரோட்டில் போகும் லாரிகளின் இரைச்சல் இரவு பகலாக அறைக்குள் இருந்தது. கதவைச் சாத்தியதும் அது அறுந்தது. மிஷின் மெதுவாக, நிறுத்தாமல் ஓடியது. சாயங்காலம் மீட்டரில் ஐம்பத்தாறு. துண்டு காய்ந்தது. அறிவரசன் அன்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டான். வெற்றிச்செல்வி விடுதியில் இருக்கும் மகள் ஆர்த்திக்கு போன் போட்டு, மாதக் கடைசியில் வரும்போது அப்பாவோடு அந்த அறையிலேயே படுத்துக்கொள்ளலாம் என்று சொன்னாள்.

ஏசித் தண்ணீர் விழும் குழாயை வீட்டுப் பின்புறம் இறக்கி, அடியில் அவனுடைய பழைய பெயிண்ட் வாளியை வைத்திருந்தார்கள். இருபது லிட்டர் வாளி. முதல் நாள் கால்வாசி. மறுநாள் அரை. மூன்றாம் நாள் விடிந்து போய்ப் பார்த்தபோது வாளி நிரம்பி, வழிந்து, வேப்பமரத்தடி வரை மண் கறுத்திருந்தது.

மீட்டரில் எழுபத்தொன்று.

*

"எங்கயோ காத்து வருதுக்கா," என்று அனஸ் ஊதுவத்தி கொளுத்தி, கதவோரம், ஜன்னலோரம், பிளக் பெட்டி ஓரம் என்று ஒவ்வொரு இடமாகப் பிடித்தான். புகை நேராக எழுந்தது. எங்கும் ஆடவில்லை. "வெளிக்காத்து வந்தாலும் இவ்ளோ தண்ணி வராது. வெளிய காஞ்சு கெடக்கு." அப்படியானால் சுவர் ஊறுகிறது என்றான். பிளாஸ்டிக் தாளை வெட்டிச் சுவரில் இரண்டு இடத்திலும் தரையில் ஒரு இடத்திலும் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினான். "நாளைக்குப் பாப்போம். சுவத்துல தண்ணி இருந்தா தாளுக்கு அடியில வேர்த்திருக்கும்."

மறுநாள் தாளை உரித்தான். அடிப்பக்கம் காய்ந்து, தூசியோடு, மொறுமொறு என்றிருந்தது. அறையைப் பார்த்த பக்கத்திலிருந்து சொட்டியது.

அனஸ் அந்தத் தாளை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு ஹாலுக்கு வந்து, நோட்டை எடுத்து, தரையில் உட்கார்ந்து, பெருக்கினான், வகுத்தான், அடித்தான், மறுபடி வகுத்தான். அவள் டம்ளரில் கொண்டுவந்த டீ ஆறிப் படலம் கட்டியது.

"என்னப்பா?"

"அண்ணனுக்கு வேர்வையே கெடையாதுல்ல?"

"கழுத்துக்குக் கீழ கெடையாது."

"இந்தத் தண்ணி சுவத்துலேருந்து வரலக்கா. வெளியிலேருந்தும் வரல. ரூமுக்குள்ளயே உண்டாவுது." அவன் அவளைப் பார்க்காமல் பேசினான். "சும்மா படுத்துக் கெடக்கிற ஆளு மணிக்கு அம்பது மில்லி விடுவான், மூச்சும் வேர்வையுமா. ஒரு நாளைக்கு இருபது லிட்டருன்னா..." நோட்டை மூடினான். "கணக்கு தப்பா இருக்கும். நான் எங்கயோ தப்பு பண்றேன்."

"எத்தன பேரு வருது?"

"வேணாம்க்கா."

"சொல்லு தம்பி."

"பதினேழு."

கதவுக்குப் பின்னால் மிஷின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடமாவது ஓய்ந்து குறைய வேண்டிய மிஷின். அது குறையவே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று முழுக்க அவள் அறைக்குள் போவதும் வருவதுமாக இருந்தாள். கஞ்சி ஊட்டினாள். புண்ணுக்கு மருந்து வைத்தாள். இரண்டு மணிக்கொருதரம் திருப்பிப் படுக்க வைத்தாள். ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் அந்த பஸ் வாடை முகத்தில் அறைந்தது. உள்ளே நின்றால் பிடரியில் கொஞ்சம் வெதுவெதுப்பு. திரும்பினால் சுவர். முன்பெல்லாம் கட்டிலைச் சுற்றிக் கண்ணை மூடிக்கொண்டு நடப்பாள்; இப்போது அவளையறியாமல் தோளை ஒடுக்கி, பக்கவாட்டில் நகர்ந்து, சந்தைக்குள் புகுந்து போகிறவள்போல நடந்தாள். அப்படி நடப்பதை ஜன்னல் கண்ணாடியில் பார்த்ததும் நின்றாள்.

"என்னங்க. ஒண்ணு கேக்குறேன். பயப்படாம சொல்லுங்க."

"பயந்து என்ன செய்ய?" என்றான் அறிவரசன். "எந்திரிச்சா ஓடப்போறேன்?"

"யாரு இருக்காங்க?"

அவன் உதட்டை நனைத்துக்கொண்டான். "தெரியல. மொகம் தெரியல. பெரிய மிஷின் போட்ட அன்னைக்கு ஒருத்தர் வந்தாரு. கதவோரம் நின்னாரு. அப்புறம் ஒவ்வொருத்தரா." மூச்சு வாங்கினான். "வெயிலுக்கு ஒதுங்குனவங்க மாதிரி இருக்கு செல்வி. எங்க வெயில்ல கெடந்தாங்களோ."

"எதாச்சும் பண்றாங்களா?"

"ஒண்ணும் பண்ணல. படுத்துருக்காங்க." பிறகு, குழந்தையைப்போல முகம் கோணி, "எடம்தான் பத்தல," என்றான்.

*

"ரூம காலி பண்ணிப் பாப்போம்," என்றான் அனஸ், மறுநாள் பத்து மணிக்கு. அவன் கண்கள் தூங்காமல் சிவந்திருந்தன. வராமலே இருந்திருக்கலாம், வந்தான். "அண்ணன ஹாலுக்குக் கொண்டாந்துடலாம். ரெண்டு மணி நேரம் ஆளில்லாம ஓடட்டும். அப்பவும் தண்ணி வந்தா மிஷின்ல ஏதோ கோளாறு, மீட்டருல ஏதோ கோளாறு. அல்லா மேல ஆணையா, அப்புடித்தான் இருக்கணும்."

இருவருமாக அறிவரசனைப் போர்வையோடு தூக்கி ஹாலில் பாயில் கிடத்தினார்கள். மேலே ஃபேன். பக்கத்தில் ஈரத்துணி, தண்ணீர்ச் சட்டி. அனஸ் மீட்டரை அறை ஜன்னலின் உட்புறம் வெளியே பார்க்கும்படி வைத்தான். கதவைச் சாத்தினான். வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி குழாய்க்கு அடியில் வைத்தான்.

பத்தேகாலுக்கு மீட்டரில் அறுபத்தொன்பது.

பதினொன்றுக்கு எழுபத்தெட்டு.

பதினொன்றரைக்கு அனஸ் பின்புறமிருந்து வந்தான். வாளியில் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. அவன் முகத்தில் இருந்தது. "இப்ப கணக்கே போட முடியலக்கா," என்றான். "அண்ணன எடுத்ததும் காலியான எடத்துலயும்..."

"இனிமே அவர அந்த ரூமுக்குள்ள விட மாட்டேன்," என்றாள் அவள்.

வெளியே வெயில் ஏறியது. சிமெண்ட் கூரை சூட்டைக் குடித்து, குடித்து, கீழே இறக்கியது. ஃபேன் கொள்ளிக்காற்றைத் தள்ளியது. அறிவரசனின் நெற்றியும் கன்னமும் வியர்த்துக் கொட்டின. கழுத்துக்குக் கீழே தோல் செங்கல்போலக் காய்ந்து சுட்டது. பன்னிரண்டுக்கு நூற்றொன்று. ஈரத்துணி போட்டாள். போட்ட துணி ஆவி பறந்து காய்ந்தது. பன்னிரண்டரைக்கு நூற்று இரண்டரை. ஆம்புலன்ஸுக்கு போன் செய்தாள். வேப்பந்தட்டைப் பக்கம் விபத்து, வண்டி வர ஒரு மணி நேரமாவது ஆகும், அதுவரை குளிர்ந்த இடத்தில் வைத்திருங்கள் என்றார்கள். ராஜதுரை கடையில் ஐஸ் இல்லை. ஒரு மணிக்கு அவன் கண்கள் மேலே செருக ஆரம்பித்தன. நூற்று நாலு.

குளிர்ந்த இடம் பத்தடி தூரத்தில் இருந்தது. மாவட்டத்திலேயே அவளுக்கென்று இருந்த ஒரே குளிர்ந்த இடம்.

"அக்கா," என்றான் அனஸ். "அண்ணன் போயிடுவாருக்கா."

"தூக்கு."

கதவைத் திறந்ததும் அனஸ் நிலைப்படியில் நின்றுவிட்டான். ஒரு நொடிதான். "பிஸ்மில்லா," என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே காலை வைத்தான். இருவரும் பக்கவாட்டில்தான் நடந்தார்கள். யாரும் சொல்லவில்லை. கட்டிலில் கிடத்திவிட்டு வெளியே வந்தபோது அனஸின் சட்டை இரண்டு தோளிலும் நனைந்து ஒட்டியிருந்தது. அவன் அதைத் தொட்டுப் பார்த்தான். அந்த ஈரத்தின் சூடு அவன் முகத்தில் தெரிந்தது.

"நான் போயி பைப்பும் ஒரு ஆளும் கூட்டியாரேன். மிஷின ஹாலுக்கு மாத்திடுவோம். ரெண்டே மணி நேரம்." வண்டியை உதைத்தான். "நீங்க உள்ள இருக்காதீங்கக்கா."

அவன் போனான். அவள் உள்ளே போனாள். அறிவரசனுக்கு வாயில் தண்ணீர் விட யார் இருக்கிறார்கள்?

*

கட்டில் விளிம்பில் ஒட்டி உட்கார்ந்தாள். நூற்று மூன்றரை. நூற்று மூன்று. காய்ச்சல் இறங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. இந்த அறைக்கு நன்றி சொல்ல வேண்டியிருந்ததே என்ற அழுகை. வெளியே பார்த்திருந்த மீட்டரைத் திருப்பினாள், தொண்ணூற்று மூன்று. காற்று பாலாடைபோலக் கனத்திருந்தது. இழுத்தால் உள்ளே போகத் தயங்கியது. அவள் இழுத்த மூச்சு புதியதாக இல்லை. யாரோ இழுத்து விட்டது. அவருக்கு முன் இன்னொருவர் விட்டது.

லாரி இல்லை. காக்கை இல்லை. மிஷினின் ஓட்டம். அதன் அடியில், அவள் மூச்சு. அவன் மூச்சு.

அவள் தன் மூச்சை அடக்கினாள்.

அவன் மூச்சு வந்தது, போனது. இரண்டு மூச்சுக்கும் நடுவில் அமைதி இருக்க வேண்டிய இடத்தில் அமைதி இல்லை. தூங்குகிறவர்களின் மூச்சு. ஒன்று கரகரத்தது. ஒன்று மெலிந்து, சின்னதாக, வேகமாக. ஒன்று அவள் முழங்காலுக்குப் பக்கத்திலேயே.

ஹாலில் போன் அடித்தது.

அவள் ஓடினாள் என்று சொல்ல முடியாது. எழுந்து, ஒடுங்கி, வெளியே வந்து, கதவைச் சாத்தி, போனை எடுத்தாள். அனஸ். "பைப்பு கெடைச்சிடுச்சுக்கா. பாலக்கரையில நிக்கிறேன். அரை மணி நேரம். அண்ணன் எப்புடி?"

"எறங்குது."

"நீங்க வெளியதான இருக்கீங்க?"

அறைக்குள்ளிருந்து அறிவரசன் அழைத்தான். மெல்லிய குரல். இரண்டு வருடமாக அவளை எந்தத் தூக்கத்திலிருந்தும் எழுப்பிவிடுகிற குரல்.

"செல்வி."

போனை வைத்தாள். கதவைத் தள்ளினாள். கதவு அசையவில்லை. ஈரத்தில் மரம் ஊதியிருக்கும். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். மரம் இறுகிய கதவு முட்டி நிற்கும். இது மெத்தென்று கொஞ்சம் கொடுத்தது, நின்றது, மறுபடி கொடுத்தது. வழியில் படுத்திருப்பவர் காலை மடக்கிக்கொள்வதுபோல.

திறந்தது. ஓரடி உள்ளே வைத்தாள்.

"நில்லு," என்றான் அறிவரசன். "மிதிச்சிடாத."

அவள் தரையைப் பார்த்தாள்.

குளிரில் டைல்ஸ் முழுக்க வேர்த்திருந்தது. கண்ணாடியில் ஊதினாற்போல் ஒரு வெண்மையான ஈரப்படலம். அந்தப் படலத்தின் நடுவில், ஈரம் படியாத இடங்கள். காய்ந்து பளபளத்த இடங்கள். ஒன்று நீளமாக, தலை, தோள், இடுப்பு, நீட்டிய கால். அதை ஒட்டி இன்னொன்று, முழங்கால் மடங்கி. அதை ஒட்டி இன்னொன்று. கட்டிலுக்கு அடியிலும். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்த வாக்கில் ஒன்று. ஒருக்களித்த ஒருத்தி, அவள் வயிற்றோடு ஒட்டிச் சுருண்டு, முழங்கை நீளம்கூட இல்லாத ஒன்று. கால்வைக்க இடமில்லாமல், ரயிலுக்குக் காத்துக் கிடக்கும் கூட்டம்போல, சுவர் முதல் சுவர் வரை.

அவளால் கத்த முடியவில்லை. அந்தக் காற்றில் கத்துவதற்கு இடமில்லை.

"ஒண்ணும் பண்ணலன்னீங்களே," என்றாள். உதடு மட்டும் அசைந்தது.

அறிவரசனின் கண்ணோரம் நீர் வழிந்தது. அவனால் துடைத்துக்கொள்ள முடியாது. "கதவு தொறந்திருக்கு செல்வி," என்றான். "சூடு உள்ள வருது."

அவள் காலடியில் கிடந்த முதல் வடிவத்தின் தலைப்பக்கம் மங்கியது. காய்ந்த டைல்ஸின் மேல் ஈரம் புகைபோலப் படர்ந்தது. தோள் மறைந்தது. முதுகு மறைந்தது. இடுப்பு.

எழுந்துகொண்டிருந்தார்.

அடுத்தது. அதற்கடுத்தது. பீரோவோரம் இருந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்தவை. ஒருத்தி. அவளோடு அந்தச் சின்னது.

எல்லாமும்.

தரை ஒரே சீராக வெளுத்தது. மிஷின் ஓடியது. மூச்சுச் சத்தம் நின்றுவிட்டது. தூக்கம் கலைந்தவர்கள் காது கொடுத்துக் கேட்கும்போது வருகிற நிசப்தம்.

அவள் பின்னால் கையை நீட்டிக் கதவைத் தேடினாள். கட்டிலில் அவன் கிடந்தான். கை கதவைத் தொட்டது. அவன் கிடந்தான். கை நின்றது.

நெற்றியில் வெதுவெதுப்பாகக் காற்றுப் பட்டது.

அவள் குனிந்து பார்த்தாள். வெண்மையான அந்த ஈரத்தில், அவளுடைய கால்விரல்களுக்கு நேரெதிரே, ஒரு விரற்கடை இடைவெளியில், விரல்கள் அவளைப் பார்த்தபடி, காய்ந்த இரண்டு பாதங்கள்.